47 வயதில் ஒலிம்பிக் பதக்கம்: ஒரு ரைபிள் வீரர் எத்தனை வருடம் சுடலாம்?

கேள்வி இது: "நார்வேயின் ஹாரல்ட் ஸ்டென்வாக் 47 வயதில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கினார் என்று படித்தேன். ரைபிள் சுடுதலில் வயது ஒரு பொருட்டே இல்லையா? அந்த ஊரில் ஒரு ரைபிள் வீரரின் வாழ்க்கை எப்படி இருக்கும்? எனக்கு 34. இப்போது தொடங்கலாமா?" மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: இந்த விளையாட்டில் ஒருவரால் எத்தனை காலம் தாக்குப்பிடிக்க முடியும், அதற்கு என்ன வேண்டும்? நான் 20 வருடத்துக்கு மேல் ஏர் ரைபிளும் 50 மீட்டர் ரைபிளும் சுட்டவன். இப்போது புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். 300 மீட்டர் பெரிய ரைபிளை நான் போட்டியில் தொட்டதில்லை. அதைப் பற்றி இங்கே சொல்வது படித்தும் பார்த்தும் தெரிந்துகொண்டது.

முதலில் ஸ்டென்வாக். 1953-இல் பிறந்தவர். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிள் படுத்துச் சுடும் போட்டியில் வெள்ளி வாங்கினார். தங்கம் தென் கொரியாவின் லீ உன்-சுலுக்கு. 60 குண்டும் அதற்கு மேல் இறுதிச்சுற்றில் 10 குண்டும் சுட்டு முடித்தபோது இருவருக்கும் இடையே இருந்த இடைவெளி 1.1 புள்ளி. எட்டு வருடம் கழித்து 2000 சிட்னியில், வேறொரு போட்டியில், 50 மீட்டர் த்ரீ பொசிஷனில் வெண்கலம். ஸ்லோவேனியாவின் ராய்மண்ட் டெபெவெட்ஸ் 1275.1 எடுத்து முதலிடம், ஃபின்லாந்தின் யுஹா ஹிர்வி 1270.5, ஸ்டென்வாக் 1268.6. ஆக 47 வயதில் பதக்கம் என்பது உண்மைதான், அதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் அந்த வெண்கலத்தின் கனம் வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது. படுத்துச் சுடுவதில் மட்டும் பெயர் வாங்கிய ஒருவர் 47 வயதில் அதே போட்டியில் இன்னொரு பதக்கம் வாங்கியிருந்தால் நான் அவ்வளவு வியந்திருக்க மாட்டேன். படுத்த நிலையில் இரண்டு முழங்கையும் மார்பும் தரையில் இருக்கும், ஸ்லிங் (துப்பாக்கியைக் கையோடு பிணைக்கும் பட்டை) துப்பாக்கியின் எடையைத் தாங்கிக்கொள்ளும். த்ரீ பொசிஷன் வேறு கதை. அந்தக் காலத்தில் ஆண்களுக்கு 40 குண்டு படுத்து, 40 நின்று, 40 மண்டியிட்டு, மொத்தம் 120. நேரம் முறையே 45, 75, 60 நிமிடம். மூன்று மணி நேரம் கிட்டத்தட்ட எட்டு கிலோ ரைபிளோடு, கெட்டித் துணியும் தோலும் வைத்துத் தைத்த ஜாக்கெட்டுக்குள் இருக்க வேண்டும். அது முடிந்த பிறகு இறுதிச்சுற்று, அதில் பத்து குண்டும் நின்றபடி. பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். நம்முடைய சட்டைப் பொத்தான் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள், 50 மீட்டர் தள்ளி.

சரி, வயது ஒரு பொருட்டில்லையா என்றால், பொருட்டுதான். ஓடுகிறவருக்கும் நீந்துகிறவருக்கும் எந்த இடத்தில் வலிக்குமோ அந்த இடத்தில் இங்கே வலிக்காது, அவ்வளவுதான். நின்று சுடும்போது இடது கையால் (வலது கைக்காரருக்கு) ரைபிளைத் தூக்கிப் பிடிப்பதில்லை. இடுப்பு எலும்பின் மேல் முழங்கையை வைத்து, முதுகைப் பின்னால் வளைத்து, எடையை எலும்பு வழியாகக் காலுக்கு இறக்குகிறோம். தசை தளர்ந்திருக்க வேண்டும், எலும்பு சுமக்க வேண்டும். அதனால் 25 வயதின் தசை பலம் பெரிய லாபமில்லை. ஆனால் அந்த வளைவை 20 வருடம் தினமும் செய்தால் கீழ் முதுகு கணக்குக் கேட்கும். மண்டியிடும்போது வலது கணுக்காலுக்கு அடியில் ஒரு உருளை வைத்து அதன் மேல் உட்காருவோம். இருபது நிமிடத்தில் பாதம் மரத்துப்போகும். நாற்பதைத் தாண்டிய பிறகு அந்தக் காலை எழுப்பவே தனி நேரம் வேண்டும்.

கண் இன்னும் பெரிய விஷயம். நாற்பதுக்கு மேல் கிட்டத்தில் உள்ளது மங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ரைபிளில் நாம் தெளிவாகப் பார்க்க வேண்டியது தூரத்து டார்கெட்டை இல்லை, குழல் முனையில் இருக்கும் முன் சைட்டின் (குறிபார்க்கும் கருவியின்) வளையத்தை. வயதானால் முதலில் மங்குவது அதுதான். ஆனால் இதற்கு வழி இருக்கிறது. பின் சைட்டில் உள்ள துளை மிகச் சிறியது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெளிவாகத் தெரிவது போல, அந்தத் துளையே பாதிக் குறையைச் சரிசெய்துவிடும். மீதிக்குப் பின் சைட்டில் ஒரு லென்ஸ் பொருத்தவோ சுடுவதற்கென்றே செய்த கண்ணாடி போடவோ விதி அனுமதிக்கிறது. ஸ்டென்வாக்கைப் போல நாற்பதுகளில் மேலே நிற்பவர்கள் இருப்பதற்கு இது ஒரு காரணம். அவரைத் தோற்கடித்த டெபெவெட்ஸும் அப்படித்தான், 2012 லண்டனில் படுத்துச் சுடும் போட்டியில் வெண்கலம் வாங்கியபோது அவருக்கு 49.

இதுவரை சொன்னது உறுதியானது. இனி சொல்வதில் கொஞ்சம் கவனம் தேவை. "நல்ல வீரர்கள் இரண்டு இதயத் துடிப்புக்கு நடுவே சுடுவார்கள்" என்று எல்லா ரேஞ்சிலும் ஒருவராவது சொல்வார். இதயத் துடிப்பு ரைபிளை அசைக்கிறது என்பது உண்மை, படுத்திருக்கும்போது ஸ்லிங் வழியாக அது முன் சைட்டில் கண்ணுக்கே தெரியும். துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகளுக்கு இந்த விளையாட்டில் போட்டி நாளில் மட்டுமல்ல, மற்ற நாட்களிலும் தடை. ஆனால் யாராவது வேண்டுமென்றே துடிப்புக்கு நடுவில் டிரிகரை இழுக்கிறாரா, அது பழக்கத்தில் தானாக அமைகிறதா, அமைந்தாலும் அதனால் புள்ளி ஏறுகிறதா என்பதில் ஒரே முடிவு கிடையாது. என் மாணவர்களுக்கு நான் அதைச் சொல்லித்தருவதே இல்லை. வயதானவர்கள் நிதானமானவர்கள், அதனால் நன்றாகச் சுடுவார்கள் என்பதையும் நான் நம்பவில்லை. பதற்றப்படும் ஐம்பது வயதுக்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் நார்வே ஏன்? உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 1893-இல் நார்வே நாடாளுமன்றம் அதுவரை தனித்தனியாக இயங்கிய சுடும் சங்கங்களை ஒன்றாக்கி ஒரு தேசிய தன்னார்வச் சுடும் அமைப்பை உருவாக்கியது. அப்போது நார்வே சுவீடனோடு ஒரே அரசரின் கீழ் இருந்தது, அந்தப் பிணைப்பு அறுந்தது 1905-இல். சண்டை வந்தால் ஊர்க்காரர்களுக்குச் சுடத் தெரிந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அதன் வேரில் இருந்தது. 1894-இல் அந்நாட்டு ராணுவம் ஏற்றுக்கொண்ட கிராக்-யோர்கன்சன் ரைபிள் கோங்ஸ்பெர்க் என்ற ஊரில் உருவானது. அதே ரைபிள்தான் சங்கங்களின் கைக்கும் போனது. சண்டைக்காக ஆரம்பித்தது மெல்ல மெல்ல ஊர் விளையாட்டாக மாறிவிட்டது. இன்றும் சின்னச் சின்ன ஊர்களில்கூட ஒரு சுடும் சங்கம் இருக்கும், அதற்கென்று 100, 200 அல்லது 300 மீட்டர் ரேஞ்ச் இருக்கும். குளிர்காலத்தில் உள்ளரங்கில் 15 மீட்டரில் சின்ன ரைபிள், பனி கரைந்ததும் வெளியே பெரிய ரைபிள். இப்போது அவர்களிடம் பரவலாக இருப்பது 6.5 மில்லிமீட்டர் சாவர் ரைபிள்.

கவனிக்க வேண்டியது, இந்த அமைப்பு ஒலிம்பிக்குக்கு ஆள் எடுக்கும் அமைப்பு இல்லை. ஒலிம்பிக் போட்டிகளுக்கு நார்வேயில் தனியாக ஒரு சுடுதல் சம்மேளனம் இருக்கிறது. ஊர்ச் சங்கத்தில் பத்துப் பதினொரு வயதில் சேரும் பிள்ளை முதலில் புதுமுக வகுப்பில் சுடும், பிறகு 14, 15 வயதுக்கு ஒரு வகுப்பு, 16, 17-க்கு ஜூனியர். பெரியவர்களானதும் வகுப்பு 1-லிருந்து 5 வரை, எடுத்த புள்ளியை வைத்து ஏறுவதும் இறங்குவதும். அப்புறம் 55, 65, 73 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனித்தனி வகுப்பு. ஆண், பெண் என்ற பிரிவு கிடையாது, ஒரே வரிசையில் படுத்துச் சுடுவார்கள். 73-க்கு மேல் ஒரு வகுப்பே இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொண்ட நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அன்றைக்கு எனக்கு 31 வயது. நான் சுடுவதை நிறுத்திச் சில மாதம்தான் ஆகியிருந்தது.

ஒவ்வொரு கோடையிலும் இவர்கள் எல்லோரும் கூடும் தேசியப் போட்டி ஒன்று உண்டு, லான்ஸ்ஷூட்டர்ஸ்டெவ்ன என்பார்கள். ஒரு வருடம் ஒப்டால், இன்னொரு வருடம் வடக்கே பூடோ என்று ஊர் மாறிக்கொண்டே இருக்கும். ஆயிரக்கணக்கான பேர் கேரவனும் கூடாரமுமாகக் குடும்பத்தோடு வந்து ஒரு வாரம் தங்குவார்கள். நம் ஊர்த் திருவிழா மாதிரிதான். மொத்தம் 35 குண்டு, அதிகபட்சம் 350 புள்ளி. இறுதிச்சுற்றைத் தேசியத் தொலைக்காட்சி நேரலையில் காட்டும். ஜெயித்தவருக்கு "சுடும் அரசர்" என்று பட்டம், மன்னர் தரும் கோப்பை, கூட்டம் அவரை உட்காரவைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு போகும். பல நார்வேக்காரர்களுக்கு ஒலிம்பிக் பதக்கத்தை விட அந்தத் தோள் சவாரிதான் சின்ன வயதுக் கனவு.

அந்த மண்ணிலிருந்து வந்தவர்களின் வரிசையைப் பாருங்கள். ஓலே லில்லோ-ஓல்சன் 1920 ஆன்ட்வெர்ப்பிலும் 1924 பாரிசிலும் ஓடும் மான் பொம்மையைச் சுடும் போட்டிகளில் ஐந்து தங்கமும் ஒரு வெள்ளியும் எடுத்தார். 1920-இல் அந்த மான் போட்டியின் இரட்டைக் குண்டு அணிப் பிரிவில் நார்வேக்குத் தங்கம், சுவீடனுக்கு வெள்ளி. அந்த சுவீடன் அணியில் இருந்த ஆஸ்கர் ஸ்வானுக்கு வயது 72. ஒலிம்பிக்கில் அவரை விட மூத்த வயதில் பதக்கம் வாங்கிய விளையாட்டு வீரர் இன்றுவரை இல்லை. வில்லி ரோகபெர்க் 1936 பெர்லினில் 50 மீட்டரில் படுத்து 30 குண்டு சுட்டார், முப்பதும் பத்து. 300-க்கு 300. நான் பல முறை இதை மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் யாராவது திரும்பக் கேட்பார்கள், "எல்லாமே பத்தா சார்?" எல்லாமே பத்து.

ரோகபெர்க்கிடம் எனக்கு அதைவிடப் பெரியதாகத் தெரிவது அடுத்து நடந்தது. 1940 ஏப்ரலில் ஜெர்மனி நார்வேயைப் பிடித்துக்கொண்டது. பொதுமக்கள் துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டி வந்தது, தேசியப் போட்டி ஐந்தாறு வருடம் நின்றுபோனது. 1940, 1944 ஒலிம்பிக்குகளும் இல்லை. ஒரு வீரரின் நல்ல வருடங்கள் அப்படியே போயின. போர் முடிந்து 1948 லண்டனில் அவர் திரும்ப வந்து 300 மீட்டரில் வெண்கலம் எடுத்தார். தங்கத்துக்கும் வெண்கலத்துக்கும் நடுவே 12 வருடம். நான்கு வருடம் கழித்து ஹெல்சின்கியில் எர்லிங் கோங்ஸ்ஹௌக் 50 மீட்டர் த்ரீ பொசிஷனில் 1164 எடுத்தார். ஃபின்லாந்தின் வில்ஹோ யூலோனனும் அதே 1164. பத்துக்குள் இருக்கும் உள்வட்டத்தில் யாருக்கு அதிகம் என்று எண்ணிப் பார்த்துத் தங்கத்தை நார்வேக்காரருக்குக் கொடுத்தார்கள். அதற்குப் பின் 40 வருடம் கழித்து வந்தவர்தான் நீங்கள் கேட்ட ஸ்டென்வாக்.

இந்தச் சங்க வாழ்க்கைதான் அவர்களின் நீண்ட ஆட்டக்காலத்துக்குக் காரணமா என்றால், நிரூபிக்க முடியாது, ஆனால் நான் அப்படித்தான் நினைக்கிறேன். என் கதையைச் சொல்கிறேன். 30 வயதில் மாநில அணித் தேர்வில் ஒரு புள்ளியில் வெளியே போனேன். அடுத்த மாதமே நான் பயிற்சி செய்த கிளப்பில் எனக்கிருந்த நேரத்தை இளையவர்களுக்கு மாற்றிவிட்டார்கள். "உங்களுக்கு இனி என்ன போட்டி இருக்கிறது?" என்று கேட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. லேன் (ஒருவர் நின்று சுடும் தடம்) குறைவு, பிள்ளைகள் அதிகம். ஆனால் உண்மையிலேயே எனக்குப் போக ஒரு போட்டி இல்லை. அணியில் இருந்தால் வீரன், இல்லையென்றால் வெளியாள். நடுவில் எதுவும் கிடையாது. ஸ்டென்வாக்குக்கு 1992-க்கும் 2000-க்கும் நடுவே ஒலிம்பிக் பதக்கம் ஏதும் இல்லை. எட்டு வருடம்! நம் ஏற்பாட்டில் 39 வயதில் வெள்ளி வாங்கிய ஒருவரை அதற்குப் பிறகு எட்டு வருடம் யாராவது சுடவிட்டிருப்பார்களா? நார்வேயில் தேசிய அணியிலிருந்து விழுகிறவர் விழுவது தன் ஊர்ச் சங்கத்தின் மடியில். அங்கே எட்டாவது படிக்கும் பிள்ளைக்குப் பக்கத்து லேனில் சுடலாம், அடுத்த கோடையில் கேரவனை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். விளையாட்டு மாறிவிட்டது. 300 மீட்டர் 1972-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் இல்லை. ஸ்டென்வாக் வெள்ளி வாங்கிய படுத்துச் சுடும் போட்டியும் 2016 ரியோவோடு போய்விட்டது. த்ரீ பொசிஷனில் இப்போது 20, 20, 20 என்று 60 குண்டுதான். 2013-இலிருந்து இறுதிச்சுற்று பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறது, முன்பு சேர்த்த புள்ளி கூட வராது. நீண்ட நேரம் சீராகச் சுடுவதே பலமாக இருந்த மூத்த வீரர்களுக்கு இவை எல்லாம் பாதகம் என்பது என் கணிப்பு. டோக்கியோ ஒலிம்பிக்கில் நார்வேயின் ஜெனெட் ஹெக் டூஸ்டாட் 10 மீட்டர் ஏர் ரைபிள் தகுதிச்சுற்றில் 60 குண்டுக்கு 632.9 எடுத்து (பத்து வளையத்துக்குள்ளும் தசமத்தில் எண்ணுவார்கள்) ஒலிம்பிக் சாதனை படைத்தார். இறுதிச்சுற்றில் அந்தப் புள்ளி செல்லாது. நான்காவதாக முடித்தார். பழைய விதியாக இருந்திருந்தால் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

அதே தகுதிச்சுற்றில் நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் சுட்டார், 626.5, 16-ஆவது இடம். வித்தியாசம் 6.4 புள்ளி. 60 குண்டுக்குப் பிரித்தால் ஒரு குண்டுக்கு 0.1-ஐச் சற்றுத் தாண்டும். ஏர் ரைபிள் டார்கெட்டில் 0.1 என்பது கால் மில்லிமீட்டர். முதலிடத்துக்கும் 16-ஆவது இடத்துக்கும் நடுவே சராசரியில் இருந்தது நான்கைந்து தாள்களை அடுக்கினால் வரும் தடிமனை விடக் குறைவு. தோற்றுவிட்டார் என்று செய்தி எழுதியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கலாம்.

இப்போது உங்கள் 34. ஸ்டென்வாக்கைக் காட்டி "47-லும் முடியும், 34-இல் தொடங்கினால் என்ன" என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் அது சரியான வாதமில்லை. அவர் நாற்பதில் தொடங்கியவர் இல்லை, நாற்பதிலும் விடாதவர். 34-இல் முதல் முறை ரைபிளைத் தொட்டு ஒலிம்பிக்குக்குப் போவது நடக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மாநிலப் போட்டியில் நின்று ஏர் ரைபிளில் 60 குண்டுக்கு 600 புள்ளியைத் தாண்டுவது, ஐந்தாறு வருடம் விடாமல் உழைத்தால் நடக்கக்கூடியதுதான். உங்கள் வயதில் தொடங்கியவர்கள் என்னிடம் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

தொடங்குவதென்றால் ஏர் ரைபிளில் தொடங்குங்கள். முதல் வேலை, கண் பரிசோதனை. அதை ரேஞ்சுக்குப் போவதற்கு முன்பே முடியுங்கள், கை நீட்டும் தூரத்துக்குச் சற்று அப்பால் தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்டுப் பாருங்கள். முதல் மூன்று மாதம் சொந்தத் துப்பாக்கி வாங்கவே வேண்டாம், கிளப் ரைபிள் போதும். ஜாக்கெட்டை மட்டும் இரவல் வாங்கிப் பழகாதீர்கள். அடுத்தவர் உடம்புக்குத் தைத்த ஜாக்கெட்டில் உங்கள் முதுகு தப்பான வளைவைக் கற்றுக்கொள்ளும், அதை மாற்ற ஒரு வருடம் ஆகும். பணம் சேரும்வரை ஜாக்கெட் இல்லாமலே நின்று பழகுங்கள். வீட்டில் பெல்லட் (ஏர் ரைபிள் குண்டு) போடாமல் தினமும் இருபது நிமிடம் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்து டிரிகர் இழுக்கலாம். சேருவதற்கு முன் கிளப்பில் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: அணியில் இல்லாதவர்களுக்கு லேன் தருவார்களா, வருடத்தில் அவர்களுக்கு எத்தனை போட்டி? நான் கேட்காமல் விட்ட கேள்வி அது.